ஒரு சிட்டிகைப் பொடியும் ஒரு கூடைப் பப்பாளியும்

வைத்தியர் சடாட்சரம் கொடுத்த, சர்க்கரை கலந்த சத்துப் பொடியை ஜமீன்தார் தொடாமல், வாசலில் வெள்ளைத்தாய் விற்கும் பப்பாளியையே ஆசை ஆசையாய்த் தின்பதைப் பார்த்து வைத்தியருக்கு வயிறு பற்றி எரிந்தது.

“ஒரு கூடைப் பழத்தின் சத்து என் பொடியில் ஒரே சிட்டிகை, எஜமான்! இல்லையென்று இவள் காட்டட்டும். முடியாவிட்டால் கடையைத் தூக்கட்டும்.”

“இல்லைன்னு யாரு சொன்னா சாமி?” என்றாள் வெள்ளைத்தாய். “இன்னைக்கு அந்தச் சிட்டிகையை மட்டும் சாப்பிட்டுட்டு, என் கூடைக்குக் காவல் இருங்க. சாயங்காலம் பழம் குறையாம இருந்தா நானே கிளம்பிடுறேன்.”

இதென்ன பிரமாதம் என்று வெள்ளைத் தாடியை நீவிக்கொண்டு வைத்தியர் உட்கார்ந்தார்.

சாயங்காலம் ஜமீன்தார் வந்து எண்ணினால், நாலு பழத்தைக் காணோம்.

“குரங்கு தூக்கிட்டுப் போயிடுச்சு, எஜமான்!”

வெள்ளைத்தாய் கிட்டே வந்து பார்த்தாள். “பொல்லாத குரங்குதான். தின்னது தின்னுச்சு, விதையை எதுக்கு சாமி உங்க தாடியில துப்பிட்டுப் போச்சு?”