நன்னாரி வாசம் இருந்தால் உள்ளே போகலாம்

காட்டு மேட்டில் ஓர் இலுப்பை மரத்தடியில் எலிகள் பெரிய வளை தோண்டி வாழ்ந்தன. ஒருமுறை அணில்கள் எலிக் கூட்டத்தோடு கூட்டமாகப் புகுந்து தானியத்தை அள்ளிச் சென்றுவிட்டன. உடனே எலிகள் ஒரு வாசலை விட்டு மற்ற வாசல்களை மண்ணால் அடைத்தன. புதிய விதியும் செய்தன. வளையில் சேர விரும்பும் எலி, பௌர்ணமிக் கூட்டத்தில் எல்லோருடைய சம்மதத்தையும் பெற வேண்டும். பெற்றால் அதன் உடம்பில் நன்னாரி வேரைத் தேய்ப்பார்கள். அந்த வாசம் இல்லாதவருக்கு வழி கிடையாது.

காவலுக்கு மூக்கன் என்ற மூஞ்சூறை வைத்தன. மூக்கனுக்குக் கண் மங்கல். மூக்கு மட்டும் படு கூர்மை.

அந்த வருடம் மழை கொட்டியது. பள்ளத்து வளைகளில் வெள்ளம் புகுந்தது. பூளை என்ற எலி, தன் குட்டிகளையெல்லாம் பறிகொடுத்துவிட்டு, நடுங்கிக்கொண்டே மேட்டுக்கு வந்தது.

"மூக்கண்ணா, வழி விடுங்கள்! என் அக்கா தும்பை உள்ளேதான் இருக்கிறாள்!"

"தெரியும், பூளை. நீ நல்லவள் என்பதும் தெரியும். ஆனால் வாசம் இல்லையே!"

"பௌர்ணமிவரை நான் உயிரோடு இருக்க வேண்டாமா?"

"அதை என்னிடம் கேட்டு என்ன பயன்? முகர்வது மட்டும்தான் என் வேலை!"

உள்ளிருந்த தும்பைக்கு இது கேட்டது. காற்றுக்காக விட்டிருந்த சிறு துளை வழியே ஒரு நன்னாரித் துண்டை வெளியே தள்ளியது.

"ஏய் பூளை! இதை நன்றாகத் தேய்த்துக்கொண்டு வாசலுக்கு வா! யாரிடமும் சொல்லித் தொலைக்காதே!"

"சரி அக்கா!"

பூளை வேரை வாயில் கவ்வியது. புதரில் ஒரு பெரிய சாரைப்பாம்பு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தது. பூளையையும் வேரையும் அது ஒரே வாயில் விழுங்கியது. பிறகு வாசலுக்கு ஊர்ந்து வந்தது.

"யாரது?" என்றது மூக்கன்.

"தும்பையின் தங்கை."

"குரல் ஒரு மாதிரி இருக்கிறதே!"

"மழையில் நனைந்தேன், அண்ணா."

"எங்கே, கிட்டே வா, முகர்கிறேன்!"

பாம்பு வாயைத் திறந்து அதன் மூக்கில் ஊதியது. நன்னாரி மணத்தது. கூடவே வேறொரு நாற்றமும் வந்தது. ஆனால் நாற்றத்தைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

"வாசம் சரி. உள்ளே போ!"

இருட்டில் தங்கைக்காகக் காத்திருந்த தும்பை, அந்த வாசத்தை நோக்கி ஓடியது. "வந்துவிட்டாயா, பூளை!" என்றது. அதற்குமேல் அது எதுவும் பேசவில்லை.

வளை முழுவதும் அலறல் எழுந்தது. தப்பி ஓட வேறு வாசல் இல்லை. 'தங்கை வந்த சந்தோஷத்தில் கத்துகிறார்கள்' என்று மூக்கன் நினைத்துக்கொண்டது.

மழை விட்டதும் பாம்பு, வயிறு புடைக்க, மெல்ல வெளியே வந்தது. மூக்கன் முகர்ந்து பார்த்தது. வாசம் முன்பைவிட அதிகமாக இருந்தது.

"சரி, போகலாம்!" என்று வழிவிட்டது. பிறகு, யாரும் இல்லாத வளைக்கு விறைப்பாகக் காவல் நின்றது.

வருகிறவர் யாரென்று பாராமல் அடையாளத்தை மட்டும் சோதிக்கும் வாசல், உறவை வெளியே சாகவிட்டுப் பகையை உள்ளே அழைத்துக்கொள்ளும்.