மெய்கண்டார் ஆழம் சொன்ன கதை

இந்தக் கதையைச் சொன்னவர் ஆவாரங்குளம் செல்லாயி. ஆண்டு 1983, பங்குனி மாதம். வறட்சி நிவாரண வேலைக்கு மண் சுமக்க வந்தவர்கள், உச்சிப்பொழுதில் காய்ந்த ஏரியின் நடுவிலேயே அமர்ந்து கஞ்சி குடித்தபோது சொன்னார். அவர் சொன்ன வரிசை இங்கே மாற்றப்படவில்லை.

முன்னொரு காலத்தில் செவ்வந்திச் சீமையைத் திருமலைக்கொழுந்து என்றொரு ராஜா ஆண்டுவந்தார். மழையைத் தவிர மற்ற அனைத்தும் தம் சொல்லுக்குக் கட்டுப்படும் என்பது அவர் நம்பிக்கை. மழையும் ஒருநாள் கட்டுப்படும் என்று சொல்லிவைத்திருந்தவர், ஏரிப் பொறுப்பிலிருந்த அதிகாரி மெய்கண்டார்.

அந்த ஏரிக்குச் சில வழக்கங்கள் உண்டு. கோடைதோறும் வீட்டுக்கு ஓராள் வந்து தூர்வார வேண்டும். மழை பெய்து, கரையோரத்து அளவுகல்லின் உச்சிக்கோட்டைத் தண்ணீர் தொட்டுவிட்டால், ராஜாவின் ஓடம் மிதக்கும் திருநாள்வரை ஒருவரும் ஏரிக்குள் கால்வைக்கக் கூடாது. கோல் விட்டு ஆழம் பார்ப்பதும் குற்றம். திருநாளன்று ஓடத்துக்குத் துடுப்புப் போடுபவன் மடைக்காவலன். முதல் மரியாதையான பட்டுப் பரிவட்டமும் அவன் தலைக்கே.

மடைக்காவலன் இருளப்பன் தலையில் ஆண்டுதோறும் அந்தப் பட்டு ஏறுவதைக் காணக் காண மெய்கண்டாருக்கு வயிறு எரிந்தது.

இருளப்பன் வயிறும் எரியத்தான் செய்தது, காரணம் வேறு. மூன்று கோடைகளாகத் தூர்வார வந்த ஆட்களையெல்லாம் மெய்கண்டார் தம் தோட்டத்தில் மண்டபம் கட்ட அனுப்பிவிட்டார். வண்டல் படிந்து ஏரி தட்டுப்போல் ஆழமற்றுப் போயிற்று. ஐப்பசியில் கோட்டைத் தொட்ட தண்ணீர் தை பிறக்குமுன் தீர்ந்தது. கடைமடை வயல்களில் நெற்கதிர் பால்பிடிக்காமலே கருகியது.

அவ்வாண்டும் தண்ணீர் கோட்டைத் தொட்டது. சபையில் மெய்கண்டார் முழங்கினார்: "மூன்றாள் ஆழம், மகாராஜா! யானை இறங்கினால் துதிக்கை நுனிதான் வெளியே தெரியும்!"

வாசலில் நின்ற இருளப்பனுக்குப் பொறுக்கவில்லை. "சாமி, கோடு நிறைஞ்சிருக்கு. ஏரி நிறையலை."

"என்னடா உளறுகிறாய்?" என்றார் ராஜா.

"மடைக்கல்லைத் திறக்க எங்கப்பன் மூச்சடக்கி முங்குவாரு. போன வருசம் நான் குனிஞ்சே திறந்துட்டேன். வர்ற கோடையிலயாவது தூர் வாரணும், சாமி."

"இவன் அப்பன் குள்ளன், மகாராஜா!" என்றார் மெய்கண்டார். சபை குலுங்கிச் சிரித்தது.

ராஜாவுக்கு வழக்கு விசாரிப்பதைவிடப் பந்தயம் கட்டுவதில் ருசி அதிகம். "இருளப்பா, ஏரி ஆழமில்லை என்று மெய்கண்டாரே தம் வாயால் என் முன்னிலையில் சொல்ல வேண்டும். கோல் விடக் கூடாது. அவரை அடிக்கவோ மிரட்டவோ கூடாது. ஓடத் திருநாள் முடிவதற்குள் சொல்லவைத்தால் தூர்வாரும் பொறுப்பு உன்னுடையது. இல்லையேல் மடையையும் சீமையையும் விட்டு நடையைக் கட்டு!"

இருளப்பன் கும்பிட்டான். "உத்தரவு, சாமி. அதிகாரி ஐயாவும் அன்னிக்கு ஓடத்துல வரணும். ஆழம் அறிஞ்சவங்க கூட இருந்தா எங்களுக்கெல்லாம் தைரியம்."

"வராமலா? பரிவட்டம் இம்முறை யார் தலைக்கு என்று பார்க்க வேண்டாமா?" என்று மீசையை நீவினார் மெய்கண்டார்.

திருநாள் வந்தது. ராஜா, புரோகிதர், தளபதி, ஆஸ்தானப் புலவர், வெற்றிலைப் பெட்டியோடு மெய்கண்டார் எனப் பெரிய மனிதர்கள் ஓடத்தில் ஏறினர். ஏரியின் நடுவே வந்ததும், ஓடத்தின் அடித்துளையை அடைத்திருந்த தக்கையை இருளப்பன் கால்விரலால் மெல்ல நெம்பினான். தண்ணீர் ஊற்றாகப் பீறிட்டது.

"ஐயையோ! ஓட்டை விழுந்துருச்சே! மூன்றாள் ஆழத்துல முங்கப் போறோமே!" என்று முதற்குரல் கொடுத்தவனும் அவனே.

புரோகிதர் தமக்குத் தாமே கடைசி மந்திரத்தைத் தொடங்கினார். தளபதி புலவரின் தோளில் ஏறினார். புலவருக்கு ஒரு வரிகூட வரவில்லை. ராஜா குடைக்காம்பைக் கட்டிக்கொண்டு, "எனக்கு நீச்சல் தெரியாதே!" என்று அலறினார்.

மெய்கண்டார் மட்டும் வெற்றிலைக்கு நிதானமாகச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"ஐயா, குலதெய்வத்தை வேண்டிக்குங்க. உங்களுக்கும் நீச்சல் தெரியாதே!" என்றான் இருளப்பன்.

மெய்கண்டார் சிரித்தார். தளபதியே நடுங்கும் வேளையில் ராஜாவுக்குத் தைரியம் சொல்லும் பேறு வாழ்நாளில் எத்தனைமுறை வாய்க்கும்? வெற்றிலையை வாயில் திணித்துக்கொண்டு எழுந்தார். "மகாராஜா, அஞ்ச வேண்டாம்! இந்த ஏரியில் எலிகூட முங்கிச் சாகாது. இடுப்பளவுதான்! இதோ!" என்று தொப்பென்று குதித்து, இரு கைகளையும் உயர்த்தி நின்றார். அரைஞாண் நனைந்தது, அதற்குமேல் நனையவில்லை.

அலறல் நின்றது. ஓடமும் சேற்றில் மெத்தென்று அமர்ந்துகொண்டது.

ராஜா குடைக்காம்பை விட்டார். "மெய்கண்டாரே, எவ்வளவு என்றீர்?"

"இடுப்ப..." வாயிலிருந்த வெற்றிலையை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"கோல் விடலை, சாமி. அடிக்கலை, மிரட்டலை," என்றான் இருளப்பன்.

"ஓட்டை எப்படி வந்தது?"

"தக்கை கால்விரல்ல மாட்டிக்கிச்சு, சாமி."

ராஜாவுக்கு முதலில் மீசை துடித்தது. பிறகு தொந்தி குலுங்கியது. மெய்கண்டாரின் தோளிலேறி அவர் கரை சேர்ந்தார். பரிவட்டமும் தூர்வாரும் பொறுப்பும் இருளப்பனுக்குக் கிடைத்தன. அடுத்த மூன்று கோடைகளும் விடியலில் முதற்கூடை மண்ணையும் அந்தியில் கடைசிக்கூடை மண்ணையும் மெய்கண்டாரே சுமந்தார். அவர் மண்டபத்தில் தூர்வாருவோர் கஞ்சி குடித்தனர்.

செல்லாயியின் கதை இத்துடன் முடிகிறது. ஏரிக்கு வடகரையிலுள்ளவர்கள் முடிவை வேறுவிதமாகச் சொல்கிறார்கள். அவர்கள் கதையில் ராஜா தாம் அலறியதை மறைக்க விரும்பி, "ஏரி மூன்றாள் ஆழமே, மெய்கண்டார்தான் அவ்வளவு உயரம்" என்று பறையறைவித்து, அவருக்கு 'மூவாள் உயரத்தார்' என்ற பட்டத்தையும் வழங்கிவிடுகிறார். ஊர் சிரித்து ஓய மூன்று நாளாயிற்றாம். நான்காம் நாள், உத்தரவுக்குக் காத்திராமல் வீட்டுக்கு ஓராள் மண்வெட்டியோடு வந்து இருளப்பன் முன் நின்றார்களாம். தூர்வார ஆளனுப்பாத வீட்டாரைப் பார்த்து, "ஏன், உங்க வீட்டுல எல்லாரும் மூவாள் உயரமோ?" என்று கேட்பது வடகரையில் இன்றும் வழக்கம்.