கீரி வீட்டு விசிறிகள்

குளக்கரைக் காட்டில் ஒரு கீரி, மனைவியோடும் பிறந்து பத்தே நாளான மூன்று குட்டிகளோடும் புது வீட்டுக்குக் குடிவந்தது. கட்டிய வீடு அல்ல, இணைத்துப் பூட்டிய வீடு! தூக்கணாங்குருவிகள் தனித்தனி அறைகளாகப் பின்னிக் கொடுக்கும். மூங்கில் ஆப்பு அடித்து ஒன்றோடொன்று இணைத்தால் ஒரே நாளில் வீடு தயார்.

"வாசலையும் பெரிய ஜன்னலையும் கிழக்கே குளத்தைப் பார்த்து வைங்க. மேற்கு வெயில் பொல்லாதது!" என்றது குருவி.

"கிழக்கே யார் இருக்கா? பாதை மேற்கேதான் போகுது. நாலு பேர் பார்க்க வேண்டாமா?" என்றது கீரி. அவசர அவசரமாக ஆப்பு அடித்ததில் அறைகளுக்கு நடுவே இடுக்கு விழுந்தது. அதை யார் கவனித்தார்கள்?

நாலு பேர் பார்த்தார்கள். வெயிலும் பார்த்தது. மதியத்துக்கு மேல் வீடு அடுப்பாகக் கொதித்தது. குட்டிகளை வெளியே கிடத்தலாமென்றால் மேலே பருந்து வட்டமிட்டது.

"இதுக்கெல்லாமா கவலைப்படறது!" என்று கீரி பத்துத் தேனீக்களை அழைத்து வந்தது. சிறகடித்து விசிறுவது அவற்றுக்குக் கைவந்த கலை. கூலி, தினம் ஒரு கூடை பூ. பத்து போதாமல் இருபது வந்தன. பிறகு நாற்பது. விசிறிய காற்றெல்லாம் இடுக்கு வழியே வெளியே போனது. கீரியோ விடிந்ததும் பூப் பறிக்கக் கிளம்பிவிடும். புது வீட்டில் உட்காரக்கூட அதற்கு நேரமில்லை. இந்த அழகில் நாற்பது விசிறி வைத்த வீடு என்று பெருமை வேறு!

"ஏங்க, பக்கத்துக் கறையான் புற்றிலே ஒரு விசிறிகூட இல்லை. ஆனா உள்ளே சில்லுனு இருக்காம்!" என்றது மனைவி. "மேலேயும் கீழேயும் துளை வெச்சிருக்காங்க. சூடு மேலே போயிடுது. நாமும் வீட்டைத் திருப்பி வெச்சு, இடுக்கை அடைப்போமே? ஆப்பைக் கழற்றினா போதும்!"

"பாதைக்கு முதுகைக் காட்டவா? என் மானம் என்ன ஆகிறது?" என்று கீரி சீறியது.

கோடை முற்றியது. பூக்கள் கருகின. கூடை பாதிகூட நிறையவில்லை. "பூ இல்லேன்னா நாங்களும் இல்லை!" என்று தேனீக்கள் உச்சிவெயிலில் பறந்துபோயின.

கீரி ஓடிவந்து பார்த்தது. கடைக்குட்டி நாக்கைத் தொங்கவிட்டுக் கிடந்தது. கூப்பிட்டும் கண் திறக்கவில்லை.

"மானமாவது மண்ணாவது! ஆப்பைப் பிடுங்கு!" என்று மனைவியிடம் கத்தியது கீரி.

இரண்டும் சேர்ந்து அறைகளைக் கழற்றித் திருப்பி மாட்டின. மேலொரு துளை, கீழொரு துளை போட்டன. கறையான்கள் கூப்பிடாமலே வந்து இடுக்குகளில் ஈர மண் பூசின. குளத்துக் காற்று மெல்ல உள்ளே வந்தது.

வெகுநேரம் கழித்துக் கடைக்குட்டி அசைந்தது. பிறகு கண் திறந்து, தாயின் மடியைத் தேடிப் பால் குடித்தது. கீரி வெட்கப்படாமல் அழுதது.

மறுநாள் பாதையில் வந்த மயில் திகைத்து நின்றது. "என்ன கீரியாரே, வெறும் சுவர்தான் தெரியுது! பார்க்க ஒண்ணுமே இல்லையே!"

"பார்க்கிறவங்களுக்கு ஒண்ணும் இல்லைதான். உள்ளே வந்து கொஞ்சம் படுத்துப் பாருங்க!" என்றது கீரி.

வெயிலை வீட்டுக்குள் அழைத்துவிட்டு விசிறிக்கு ஆள் தேடி அலைவதைவிட, வெயில் நுழையாதபடி வீட்டை அமைத்துக்கொள்வதே அறிவுடைமை.