காலண்டர் தொலைந்த கல்யாண மண்டபம்

புத்தியைப் பங்கு வைத்த நாளில் மொட்டைப்பனங்குளத்துக்காரர்களும் போய் வரிசையில் நின்றார்கள். முன்னால்தான் நின்றார்கள். பங்கு வைத்தவர் "அடுத்தவங்க வாங்க" என்றதும், மரியாதை தெரிந்தவர்கள் ஆகையால், அடுத்தவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். அந்த ஊர்க் கல்யாண மண்டபத்தின் மேனேஜர் கோமதிநாயகம், அன்றைக்கு முதலில் ஒதுங்கியவரின் நேர் வாரிசு.

மண்டபத்து மாடியில் அவருக்கு ஓர் அறை, அறையில் ஒரு கம்ப்யூட்டர். எந்தத் தேதியில் யார் வீட்டுக் கல்யாணம் என்பது அதிலிருந்த மெயில் புரோகிராமின் காலண்டரில் இருந்தது. அவர்களுடைய போன் நம்பர்கள் காண்டாக்ட்ஸில் இருந்தன. ஆவணி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில் காலையில் வந்து பார்த்தால் இரண்டையும் காணோம். இடது ஓரத்தில் வரிசையாக நிற்கும் ஃபோல்டர்கள் மொத்தமும் மறைந்து, அந்த இடம் மொழுமொழுவென்று இருந்தது.

முந்தின நாள் "ஸ்க்ரீன் சுத்தமா இருக்கணும்" என்று சொன்னவர் அவர்தான். கிளார்க் வடிவு சொன்ன சொல் தட்டாதவள். ஈரத் துணியால் ஸ்க்ரீனையும், அது மட்டும் போதுமா என்று கீபோர்டையும் மவுஸையும் அழுத்தித் துடைத்துவிட்டிருந்தாள். "இவ்வளவு சுத்தமாகும்னு நானே நினைக்கல அண்ணாச்சி" என்றாள்.

கோமதிநாயகம் மேஜைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். போன மாதம் ஒரே நாளில் ஒரு வளைகாப்பையும் ஒரு பதினாறாம் நாள் விசேஷத்தையும் ஒரே பந்தியில் உட்கார வைத்ததற்கு, இனியொரு தப்பு நடந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லியிருந்தார். அன்றிலிருந்து கோமதிநாயகம் வீட்டுக்கே போகவில்லை. மண்டபத்திலேயே படுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் இசக்கி மாடியேறி வந்தான். கேட்டுக்கு வெளியே அண்டாவும் மேளமும் மாலையுமாக ஒரு கூட்டம் நிற்கிறது, உள்ளே விடலாமா என்று கேட்டான்.

"யாரு என்னன்னு காலண்டரைப் பாக்காம எப்படிலே விடுறது? கேட்டைப் பூட்டிட்டு வா."

பூட்டிவிட்டு வந்தான். மூவரும் சேர்ந்து, மெயில் புரோகிராமைப் போட்டுக்கொடுத்த கம்பெனிக்கு போன் செய்தார்கள். சென்னையிலிருந்து ஒரு பெண் பேசினாள். நல்ல பொறுமைசாலி. அன்றைக்கு ஒன்பது மணி வரைக்கும் அப்படித்தான் இருந்தாள்.

முதலில், ஒருமுறை வெளியே போய்விட்டு மறுபடி உள்ளே வரச் சொன்னாள். மூவரும் அறையை விட்டு வெளியே போனார்கள். உள்ளே வரும்போது வலது காலை வைத்து வந்தால் நல்லதா என்று அவளிடம் கேட்டார்கள். இசக்கி மட்டும் எதற்கும் இருக்கட்டுமென்று குதித்து வந்தான். காலண்டர் வரவில்லை.

பிறகு, கீழே போகச் சொன்னாள். போனைக் கையில் ஏந்திக்கொண்டு மாடிப்படி இறங்கிப் பந்திக்கூடத்துக்கு வந்தார்கள். ஃபோல்டர் தெரிகிறதா என்றாள். இலைக்கட்டுதான் தெரிகிறது என்றார் கோமதிநாயகம்.

"இன்னும் கீழே போங்க சார்."

அதற்குக் கீழே இருப்பது தரையடித் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். மூடியைத் தூக்கி, இசக்கியை இறக்கினார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று கைவிட்டுத் துழாவியவன், இதற்குக் கீழே போக வழியில்லை என்று குரல் கொடுத்தான். கோமதிநாயகம் அதை அப்படியே போனில் ஒப்பித்தார். தொட்டி என்பது எந்த மெனுவில் வருகிறது என்று அந்தப் பெண் கேட்டாள். மெனு சமையல்காரர் வந்தால்தான் தெரியும் என்றார் இவர்.

அவள் மெனுவை விட்டுவிட்டாள். பிறகு, சர்வரோடு சிங்க் சரியாக ஆகவில்லை போலிருக்கிறது, அதை ஒரு தடவை பாருங்கள் என்றாள். இப்போதுதான் மூவருக்கும் விஷயம் பிடிபட்டது. பந்திக்கூடத்தின் கடைசியில் கை கழுவும் சிங்க்குகள் வரிசையாக இருந்தன. மூவரும் அவற்றின் முன்னால் நின்று ஆலோசித்தார்கள்.

"எந்த சிங்க்குன்னு அந்தப் புள்ள சொல்லலையே அண்ணாச்சி" என்றாள் வடிவு.

"காலண்டர் பெருசுல்லா? பெரிய சிங்க்குலதான் போயிருக்கும்" என்றான் இசக்கி, சொட்டச் சொட்ட.

"அப்போ காண்டாக்ட்ஸ்?"

கோமதிநாயகம் கண்ணை மூடி யோசித்தார். "அது வெறும் நம்பர்தானே. எந்த ஓட்டையிலயும் போயிரும்."

எல்லா சிங்க்கின் குழாயையும் கழற்றினார்கள். கறிவேப்பிலை வந்தது, முருங்கைக்காய்ச் சக்கை வந்தது, யாரோ ஒரு பெரியவரின் பல்செட் வந்தது. ஃபோல்டர் வரவில்லை. வெளியே மேளக்காரர்கள் பொழுது போகாமல் ஒத்திகை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். யாரோ கேட்டைப் பிடித்து உலுக்கினார்கள். கோமதிநாயகத்துக்கு எரிச்சலாக வந்தது. மனிதன் படுகிற அவதி தெரியாமல் சத்தம் போடுகிறார்களே என்று நொந்துகொண்டார்.

கடைசியில் அந்தப் பெண், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், நானே வந்து பார்க்கிறேன், ஸ்க்ரீனில் அனுமதி கேட்கும், சரி என்று மட்டும் கொடுங்கள் என்றாள். மூவரும் மாடிக்கு ஓடி, ஸ்க்ரீனைப் பார்த்து ஒரே குரலில் "சரி" என்றார்கள். அது அசையவில்லை. காது கேட்கவில்லையோ என்று கோமதிநாயகம் மேஜைமேல் குனிந்தபோது, அவருடைய முழங்கை கீபோர்டில் பட்டு, அனுமதி கிடைத்துவிட்டது.

ஸ்க்ரீனில் இருந்த அம்பு தானாக நகர்ந்தது. அந்தப் பெண் வந்துவிட்டாள் என்று மூவரும் எழுந்து நின்றார்கள். வடிவு ஒரு காபியைக் கொண்டுவந்து ஸ்க்ரீனுக்கு முன்னால் வைத்தாள். அம்பு இடது ஓரத்துக்குப் போய், மடங்கிக் கிடந்த ஃபோல்டர் பட்டையை ஒரு தட்டுத் தட்டி விரித்தது. காலண்டரும் காண்டாக்ட்ஸும் அதனதன் இடத்தில் சமத்தாக நின்றன. சென்னையில் போனை வைக்கும் சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

கோமதிநாயகம் காலண்டரைத் திறந்தார். அன்றைய தேதியில் பத்து மணி முகூர்த்தம், பூலோகபாண்டி மகள் கல்யாணம் என்று இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதரை. மண்டபத்தை எட்டிப் பார்த்தார். ஈ, காக்கை இல்லை. பெண்ணைப் பெற்றவருக்கு இவ்வளவு அலட்சியமா என்று பதறிப்போய், காண்டாக்ட்ஸில் நம்பரைத் தேடிப் பிடித்து போன் போட்டார்.

பூலோகபாண்டி எடுத்தார். விடிந்ததிலிருந்து உங்கள் கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறோம் என்று அழமாட்டாத குறையாகச் சொன்னார்.

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி. எவனோ ஒரு கல்யாண கோஷ்டி காலையில இருந்து கேட்டை மறிச்சுக்கிட்டு நிக்கி. நீங்க அவங்களைத் தள்ளிக்கிட்டு எப்படியாச்சும் உள்ள வந்துருங்க. நேரமாச்சுல்லா."

பூலோகபாண்டியும் மொட்டைப்பனங்குளத்துக்காரர்தான். போனை மடியில் செருகி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதல் வேலையாக மாப்பிள்ளையைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார்.