தணிகாசலம் வீட்டுப் பூசணம்

"தொடைக்கத் தொடைக்க வருதுங்கம்மா. என்ன பாவம் பண்ணேனோ தெரியல."

அரசியம்மா மடியில் கீரை வைத்து ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதுங்கய்யா வருது?"

"பூசணம்."

கூடத்தில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கோபம் வருது, பயம் வருது என்று ஆட்கள் வந்து நிற்கிற இடம் அது. பூசணத்துக்கு யாரும் குரு அரசியம்மாவிடம் வழி கேட்டதில்லை.

தணிகாசலம் சிரிக்கவில்லை. வால்பாறையில் தேயிலைத் தொழிற்சாலை சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று. தன்னைவிட இருபது வயது சின்னவரான அரசியம்மாவிடம் மூன்று வருஷமாக ஒரு வகுப்பு தவறாமல் உட்காருகிறார். ஆனாலும் பிடித்த பிடியை லேசில் விடுகிற ஆள் இல்லை.

"மரகதம் கட்டிலுக்கு மேல, செவுத்துல. கருகருன்னு. பிளீச்சிங் போட்டுத் தொடைச்சா ஒரு வாரம். மறுபடியும் அதே எடத்துல பூக்குது. அவளுக்கு இழுப்புங்கம்மா. படுக்கவே முடியல, உக்காந்தே தூங்கறா. இன்னொரு மழைக்காலம் இந்தக் காத்தைச் சுவாசிச்சா நான் பொறுப்பில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார்."

பெண்டாட்டி போய்விடுவாளோ என்கிற பயம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"தொடைச்சீங்க. வேற?"

"வீடு முழுக்க மருந்தடிச்சேன். கோயமுத்தூர்ல இருந்து ஆள் கூட்டியாந்து, சாமானெல்லாம் வெளிய எடுத்துப் போட்டு, மூணு நாள் வேலை. ஒரு மாசம் நல்லா இருந்துச்சு. அப்புறம் பழைய கதைதான்."

"வீடு முழுக்கவா?"

"முழுக்கத்தாங்கம்மா."

அரசியம்மா கீரையை இறக்கி வைத்துவிட்டுக் குடையை எடுத்தார்.

தணிகாசலம் வீட்டில் மரகதம் நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சும் விசிலடித்தது. விருந்தாளியைப் பார்த்ததும் டீ போட எழுந்தாள்.

"உக்காருங்கக்கா. நான் டீக்கு வரல."

தணிகாசலம் கறையைக் காட்டினார். அரசியம்மா சுவரில் உள்ளங்கையை வைத்தார். ஈரம் ஒட்டியது. வெளியே போய், மழையில் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

"உங்க வீட்டுல எத்தனை ரூம்ங்கய்யா?"

"மூணு."

"வெளிய இருந்து பாத்தா நாலு இருக்கே. கடைசி ரூம் ஜன்னல் தெறந்தே கெடக்கு. சாரல் நேரா உள்ள போகுது."

தணிகாசலம் தரையைப் பார்த்தார்.

"அது ரூம் இல்லீங்கம்மா."

"பின்ன?"

பதில் மரகதத்திடமிருந்து வந்தது, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கி.

"குகன் ரூம். எங்க பையன். நாலு வருசமாச்சு."

வகுப்பில் தனக்கு ஒரு மகன் இருப்பதாகத் தணிகாசலம் ஒரு நாளும் சொன்னதில்லை.

நடந்தது இவ்வளவுதான். குகன் வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். சேதி வந்த அன்று தணிகாசலம் கொல்லைக்குப் போய் இரண்டு வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டார், செத்தவனுக்கு முழுகுகிற மாதிரி. ஈரத்தலையோடு வந்து அந்த அறையைப் பூட்டி, கதவை மறைத்துப் பீரோவைத் தள்ளி வைத்தார். ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்க்க அறைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். அவர் பார்க்கவில்லை.

"மருந்தடிக்க வந்தவங்க அந்த ரூமைக் கேட்டாங்க," என்றாள் மரகதம். "பழைய சாமான் கெடக்குது, விட்டுருங்கன்னு சொல்லிட்டார். அந்த பீரோவை மட்டும் நகத்த விடல."

"தெறங்கய்யா," என்றார் அரசியம்மா.

"முடியாதுங்கம்மா. தல முழுகிட்டேன். வேற எது சொன்னாலும் செய்யறேன். வெளிய இருந்தே ஜன்னலைச் சாத்திடறேன். அது போதுமில்ல?"

அரசியம்மா மரகதத்தின் காலடியில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து வைத்துக்கொண்டார்.

தகரக்கூரையில் மழை சடசடத்தது. அதையும் மீறி அந்த மூச்சுச் சத்தம் கேட்டது. உள்ளே போகிற மூச்சு பாதியில் நின்று, தடுமாறி, மறுபடி போயிற்று.

தணிகாசலம் பீரோவில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். பூட்டு துருப்பிடித்திருந்தது. சுத்தியலால் அடித்து உடைத்தார்.

கட்டில், பாய், புத்தகங்கள், ஆணியில் தொங்கிய சட்டை எல்லாம் கறுத்துப் பூசண மயிர் முளைத்துக் கிடந்தன. சுவர் தெரியவே இல்லை. அவர் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். தோளிலிருந்த துண்டை எடுத்து, அந்தப் பக்கம் மரகதத்தின் கட்டில் ஒட்டியிருந்த சுவரை வெறிபிடித்தவர்போல் தேய்க்க ஆரம்பித்தார்.

"துண்டைப் போடுங்கய்யா."

"பின்ன எங்கிருந்துங்கம்மா ஆரம்பிக்கறது?" கத்தியே விட்டார். கண்ணில் நீர் வழிந்தது.

அரசியம்மா மரகதத்தைப் பார்த்தார்.

மரகதம் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. மணி போகிற சத்தம் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து அவரிடம் நீட்டினாள்.

"அம்மா?" என்றது போன். "மூச்சு எப்படிம்மா இருக்கு?"

தணிகாசலம் அதைக் காதில் வைத்தார்.

"குகா, அப்பா பேசறேன்."

கையிலிருந்த துண்டைக் கீழே போட்டார்.

"உன் ரூமுக்குள்ள மழை பேஞ்சிட்டு இருந்திருக்குடா. நாலு வருசமா. நான் பாக்காம விட்டுட்டேன்."