தீயின் எச்சில்

அந்தக் காலத்தில் மனிதனுக்கும் கருமந்திக்கும் வயிறு ஒரே அளவு. பானை வயிறு. பச்சைக் கிழங்கு, முற்றிய இலை, நார் என்று விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மென்றாக வேண்டும். தின்றதில் முக்கால்வாசியை, அரைத்த களைப்புக்கு வயிறே தின்றுவிடும். கைகாலுக்குக் கொஞ்சம். தலைக்குச் சொட்டு. அதனால் எல்லாருக்கும் தலை சின்னது. யாரும் குறைப்படவில்லை.

ஈங்கை என்ற ஒருத்திக்குப் பிறந்த மொட்டுதான் வேறு மாதிரி. பெண் குழந்தை. பெரிய தலை.

"என்னடி இது, பிள்ளையா பலாக்காயா?" மரத்திலிருந்து மந்தி கேட்டாள்.

"உன் வேலையைப் பாரு."

மற்றவர்கள் தூங்கினால் தலையும் தூங்கும். மொட்டு தூங்கினாலும் அவள் தலை தூங்காது. எதையோ யோசிக்கும், இன்னும் கொண்டா என்று கேட்கும். ஈங்கை மென்று ஊட்டியதெல்லாம் வயிற்றுக்கும் தலைக்குமே சரியாகப் போயிற்று. கைகால் குச்சியாயின. இரண்டு மழைக்காலம் போயும் பிள்ளை நிற்கவில்லை. ஈங்கை இன்னும் மென்றாள். தாடை வீங்கியது. அதற்குமேல் பகலில் நேரமில்லை.

"ஒண்ணு தலை, இல்லாட்டி வயிறு. ரெண்டுக்கும் உன் வாய் பத்தாது," என்றாள் மந்தி. "எங்க கூட்டமா இருந்தா இப்படி ஒண்ணைக் கிளையிலேயே விட்டுட்டுப் போயிருப்போம்."

"போறதா இருந்தா நீ போ."

அந்தக் கோடையில் காட்டுத்தீ வந்தது. கிழங்குச் சரிவு முழுக்கச் சாம்பல். தீயும் ஒரு மிருகம், அது கடித்தது அதன் எச்சில், தொட்டால் தேடி வந்து எரிக்கும் என்பது ஈங்கை கூட்டத்தாரின் நம்பிக்கை. ஆகவே கூட்டம் மலையைத் தாண்டிப் போய்விட்டது. மொட்டுக்கு முதுகைப் பற்றிக்கொள்ளக்கூடத் தெம்பில்லை. ஈங்கை மட்டும் தங்கிவிட்டாள்.

பிள்ளை அழுவதையும் நிறுத்தியிருந்தது. ஈங்கை சாம்பலைக் கிளறினாள். தோல் கருகி வெடித்த கிழங்கு ஒன்று வந்தது. அழுத்தினால் விரல் உள்ளே போயிற்று. ஆவி பறந்தது.

"தொடாதேடி! தீ தேடி வரும்!" மரத்திலிருந்து கத்தினாள் மந்தி.

"வரட்டும். இவ போனப்புறம் எது வந்தா எனக்கென்ன?"

முதலில் தானே தின்றாள். மெல்லவே வேண்டியிருக்கவில்லை. எந்தப் பக்கமிருந்து தீ வரும் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். வரவில்லை. வயிறுதான் பேசியது. அப்போதெல்லாம் வயிறும் பேசும்.

"ஏய், என்னத்தை அனுப்பினே?"

"ஏன், வலிக்குதா?"

"வலியா? வேலையே இல்லைடி! பாதி வேலையை யாரோ வெளியிலேயே முடிச்சிருக்காங்க. சும்மா உக்காந்திருக்கேன்."

"அப்போ உன் பங்கு?"

"எனக்கு எதுக்கு? மேலே தலைன்னு ஒண்ணு கத்திக்கிட்டே இருக்கே, அதுக்குக் குடு. நான் சுருங்கிக்கிறேன், உன் பிள்ளை வயிறும் சுருங்கிக்கும். ஆனா வாக்குக் குடு. சுருங்கினப்புறம் வெறும் பச்சையை அனுப்பி என்னைக் கொல்லக் கூடாது."

"அனுப்பமாட்டேன்."

கிழங்கைப் பிசைந்து மொட்டின் வாயில் வைத்தாள். விழுங்கியது. வாயைத் திறந்தது. மறுபடியும். பாதிக் கிழங்கு போனதும் தூங்கிற்று. ஈங்கை அதன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். சீராக ஏறி இறங்கியது. அப்பாடா என்று அங்கேயே மல்லாந்து படுத்தாள்.

நாலைந்து நாள் அதே சாப்பாடு. ஒருநாள் காலையில் மொட்டு வேரைப் பிடித்து எழுந்தது. விழுந்தது. எழுந்தது. ஈங்கை சிரித்தாள். தாடை வலித்தது. வலியோடு சிரித்தாள்.

அதற்குள் சரிவெங்கும் தீ அணைந்து ஒரே ஒரு கட்டைதான் கனன்றுகொண்டிருந்தது. மொட்டு தள்ளாடிப் போய் அதையே உற்றுப் பார்த்தது. காய்ந்த குச்சி ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்தது. குப்பென்று பற்றியது. மந்தி அலறிக்கொண்டு உச்சிக்கிளைக்கு ஓடினாள்.

"அம்மா," என்றது பிள்ளை. அதுதான் முதல் பேச்சு. "இதுக்கும் பசிம்மா."

ஈங்கை ஓடிப்போய் ஒரு கை சுள்ளி பொறுக்கி வந்தாள்.

அன்று முதல்தான் மனிதனுக்குக் குடல் சிறுத்துத் தலை பெருத்தது. மந்தி இன்னமும் பொழுது முழுக்க மென்றுகொண்டிருக்கிறாள். மனிதனோ உலையிறக்கி ஒரு நாழிகையில் தின்று முடித்துவிட்டு, மிச்சப் பொழுதையெல்லாம் பேசியே தீர்க்கிறான்.