செக்கடிச் சுவர்

மாடு வாய் திறந்து பேச, மனிதர் காது கொடுத்துக் கேட்ட அந்தக் காலத்தில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வேம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். அவளும் புருஷன் காரியப்பனும் செக்காட்டிப் பிழைத்தார்கள். ஊரில் எரிகிற விளக்குக்கெல்லாம் அவர்கள் வீட்டு எண்ணெய்தான். கல் உரலுக்குள் உலக்கையைச் சுழற்ற, அதிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் ஒரு கட்டை. அந்தக் கட்டையை இழுத்துக்கொண்டு சுற்றிவர ஒரு மாடு. அதன் பெயர் மயிலை.

அப்போதெல்லாம் மாட்டை உரலை ஒட்டித்தான் பூட்டுவார்கள். பாரத்துக்குப் பக்கத்தில் நின்றால்தான் பலம் பிடிக்கும் என்பது எல்லாருடைய நம்பிக்கை. மயிலை கழுத்தை ஒடித்துக்கொண்டு, குளம்பு தேயத் தேய, அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே முட்டி முட்டிச் சுற்றும்.

அந்த வருஷம் எள் நன்றாக விளைந்தது. ஊரே மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கியது. மழை பிடிப்பதற்குள் ஆட்டியாக வேண்டும். நனைந்தால் எள் பூசணம் பூத்துப்போகும். காரியப்பன் விடியலில் பூட்டினால் பொழுது சாயத்தான் அவிழ்ப்பான். மயிலைக்குக் கழுத்தில் புண் வந்தது. ஒரு நாள் நடுப்பகலில் முன்னங்கால் மடிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"இது இனி ஆகாது, வேம்பாயி. காட்டில் விட்டுவிட்டு, என் மச்சான் வீட்டுக் காளையைக் கேட்டுப் பார்க்கிறேன்" என்றான் காரியப்பன்.

வேம்பாயி மாட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மயிலை குடித்துவிட்டு மெல்ல எழுந்தது. "ஆத்தா, போட்ட எள்ளை ஆட்டி முடித்துவிடுகிறேன். பாதியில் விட்டுப் போக மனசில்லை."

அது இழுத்த இழுப்பில், நைந்துபோயிருந்த கயிறு கட்டையோடு வழுக்கி ஓடி, அதன் கடைசி நுனியில் போய் மாட்டிக்கொண்டது. மயிலை இன்னொரு எட்டு வைத்தது. உலக்கை சுழன்றது. மேலும் சில எட்டு நடந்தது. மூச்சு வாங்கவில்லை. வீட்டுப் பக்கம் வந்ததும் அதன் விலா சுவரில் இடித்தது. நின்றுவிட்டது.

"ஆத்தா, இந்த இடத்திலிருந்து இழுத்தால் செக்கு லேசாக இருக்கிறது."

வேம்பாயிக்கு நம்பிக்கை வரவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டு, உரலுக்குப் பக்கத்தில் கட்டையைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. நுனிக்குப் போய்த் தள்ளினாள். அவள் கைக்கே உலக்கை முனகிக்கொண்டு நகர்ந்தது.

"ஏனுங்க, இங்கே வந்து பாருங்க."

காரியப்பனும் தள்ளிப் பார்த்தான். உரலிலிருந்து நுனி வரைக்கும் எட்டு வைத்து அளந்தான். பிறகு மயிலையிடம் கேட்டான்: "அத்தனை தள்ளி நின்றால் வட்டம் பெரிசாகுமே. நடந்து மாளுமா உனக்கு?"

"நடக்கிறது பாரமில்லை அப்பா. முட்டுகிறதுதான் பாரம்."

"சரி, நடக்க இடம் வேண்டாமா? சுவர் நிற்கிறதே."

அது சமையலறைச் சுவர். இருவருமாக மண் குழைத்து எழுப்பியது. வேம்பாயி உள்ளே போய்ச் சட்டி பானைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். பிறகு கடப்பாரையை எடுத்து வந்தாள்.

"மழை வரப்போகிற நேரத்தில் வீட்டை இடிக்கிறாயே, எங்கே உலை வைப்பாய்?" என்றான் காரியப்பன்.

"உலை எங்கேயும் வைக்கலாம். இத்தனை நாள் அந்த உலை யார் கழுத்தில் எரிந்தது என்று அந்தப் புண்ணைப் பார்த்துச் சொல்லுங்க."

அவள் ஓங்கிக் குத்தினாள். இரண்டு கட்டி மண் உதிர்ந்தது. காரியப்பன் அருகே வந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டான். "தள்ளி நில். கண்ணில் மண் விழும்."

சுவர் போன இடத்தில் மயிலை வீசி நடந்தது. புண்ணில் படாமல் கயிற்றைத் தாழ்த்திப் பூட்டினார்கள். கொஞ்ச நேரம் இழுக்கும், கொஞ்ச நேரம் நின்று இளைப்பாறும். ஆனாலும் மழைக்கு முன்னால் கடைசி மூட்டையும் ஆட்டி முடித்தாகிவிட்டது. அன்றைக்குப் பெய்த மழையில் அவர்கள் கூடத்து மூலையில் அடுப்பு மூட்டினார்கள். புகை கண்ணைக் கரித்தது. காரியப்பன் முணுமுணுக்கவே இல்லை.

மறுநாள் வேம்பாயி புது எண்ணெயை மயிலையின் கழுத்தில் பூசிவிட்டு, ஒரு கிண்ணம் நிறைய அதன் முன்னால் வைத்தாள்.

"உன்னால் வந்தது. உனக்குத்தான் முதலில்."

மயிலை முகர்ந்து பார்த்தது. "இது ஊர் வீடுகளில் விளக்காக எரியட்டும் ஆத்தா. உரலின் அடியில் சக்கை ஒட்டிக் கிடக்கிறதே, நீங்கள் குழியில் கொட்டுவது, அது எனக்கு வாசமாக இருக்கிறது. அதைக் கொடு."

வேம்பாயிக்குக் கண் நிறைந்தது. உரலில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்து, தண்ணீரில் ஊறவைத்து, தன் கையாலேயே ஊட்டினாள். மயிலை அவள் உள்ளங்கையையும் சேர்த்து நக்கியது.

செக்குமாடு கட்டையின் நுனியில் நின்று இழுப்பதும், அது சுற்றிவரச் செக்கடியைத் திறந்த வெளியாக விடுவதும், எண்ணெயை நாம் எடுத்துக்கொண்டு பிண்ணாக்கை மாட்டுக்கு வைப்பதும் அன்று முதல்தான்.